எல்லாப் பலகையும் கோணல்

நவம்பர் 3

கோத்தகிரியில் இந்த வாரம் முழுக்க வெயில் முகமே காட்டவில்லை. காலையில் கதவைத் திறந்தால் வாசற்படிக்கு அப்பால் ஊரே இல்லை. எங்கேயோ ஒரு ஜீப் உறுமுகிறது, யாரோ இருமுகிறார்கள், அவ்வளவுதான். இந்தப் பனிமூட்டத்துக்குள் உட்கார்ந்து காபி குடிப்பது எனக்குப் பிடிக்கும். பாதித் தூக்கத்திலேயே பிழைப்பு நடப்பது போல ஒரு சுகம்.

என் வீட்டுக்காரி பவளம் அந்தச் சுகத்தைக் கெடுத்தாள். அவளுடைய தேன்பெட்டிகளின் அடிப்பலகை இற்றுவிட்டதாம். தை பிறந்தால் பூ ஆரம்பித்துவிடும், தேனீக்கூட்டம் பிரியும், அதற்குள் புதுப்பெட்டிகள் வேண்டுமாம்.

"கடையில வாங்கினா சட்டம் ஆடுதுங்க. உங்க கையால செஞ்சு குடுங்க" என்றாள்.

பெட்டி என்பது லேசு. உள்ளே தொங்கும் சட்டங்கள்தான் விஷயம். சட்டத்துக்கும் சட்டத்துக்கும் நடுவே ஒரு தேனீ நடக்கிற அளவுக்கு வழி இருக்க வேண்டும். கொஞ்சம் கூடினால் அங்கேயும் அடை கட்டிவிடும். குறைந்தால் பிசின் வைத்துப் பூசிவிடும், அப்புறம் சட்டத்தை வெளியே உருவ முடியாது. அத்தனை சட்டத்தையும் ஒவ்வொன்றாக அளந்து அறுத்தால் பைத்தியம் பிடிக்கும். அதனால் முதலில் ஒரு ஜிக் செய்யப்போகிறேன். அடியில் ஒரு பலகை, அதன் மேல் ஒரு தடுப்புக்கட்டை. மரத்தை அதில் முட்டுக் கொடுத்து அறுப்பு மிஷினில் தள்ளினால் எல்லாத் துண்டும் ஒரே அளவு, ஒரே மூலை.

"பெட்டி செய்யச் சொன்னா, பெட்டி செய்யறதுக்கு ஒரு பெட்டி செய்யப்போறீங்களா?" என்று சிரித்தாள். சிரிக்கட்டும். ஜிக்கில் தப்பு இருந்தால் அந்தத் தப்பு ஒவ்வொரு துண்டிலும் குட்டி போடும். அதனால் பலகை நேராக இருக்க வேண்டும். அதைப் பொறுக்கி எடுக்க என்னைவிட ஆள் இந்த மலையில் கிடையாது. தேயிலை ஃபாக்டரி வொர்க்‌ஷாப்பில் இன்பநாதன் என்று கேட்டால் யாருக்கும் தெரியாது, ரசமட்டம் என்றால் தெரியும். ஒரு கண்ணை மூடிக்கொண்டு விளிம்பைப் பார்த்தேன் என்றால் மயிரிழை வளைவும் தப்பாது.

நவம்பர் 5

ரவூப் பாய் கடை. பலகைகள் நிற்கிற அந்த இருட்டுச் சந்தில் பசை வாசமும் மரத்தூள் வாசமும் கலந்து அடிக்கும். எனக்கு அது கோயில் மாதிரி.

பார்ட்டிகிள் போர்டைக் காட்டினார். இந்த ஊர் ஈரத்துக்கு அது டீயில் முக்கிய பிஸ்கட். வேண்டாம் என்றேன். சாதாரண பிளைவுட்டில் உள்ளே பொத்தல் இருக்கும், ஆணி அடிக்கிற இடத்தில் பார்த்து ஏமாற்றும். கடைசியில் எம்.டி.எஃப், மரநாரை அரைத்து அமுக்கிய பலகை. ஓரத்தில் வார்னிஷ் கொடுத்துவிட்டால் ஈரமும் ஏறாது, அதைப்போல சமதளம் வேறெதிலும் கிடையாது.

அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். இடது கண்ணை மூடி விளிம்பைப் பார்த்தால், நடுவில் ஒரு தொப்பை. அடுத்ததை எடுத்தேன். அதிலும் தொப்பை. மொத்த அடுக்கையும் இறக்கச் சொன்னேன்.

"அண்ணே, மிஷின்ல வச்சு அமுக்குன சரக்குண்ணே. இது எங்க வளையப்போகுது?"

"வளைஞ்சிருக்கு பாய். கண்ணு இருந்தாப் பாருங்க."

பாவம், குனிந்து குனிந்து பார்த்தார். அவருக்கு ஒன்றும் தெரியவில்லை. இருக்கிறதில் வளைவு குறைந்த ஒன்றை எடுத்துக்கொண்டு வந்தேன்.

நவம்பர் 8

பலகை மேல் அம்மிக்கல்லைத் தூக்கி வைத்திருக்கிறேன். பவளம் சட்னிக்கு மிக்ஸி போட்டுக்கொண்டே என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, எழுத வேண்டாம்.

நவம்பர் 11

கல்லை எடுத்தாயிற்று. தொப்பை அப்படியே இருக்கிறது. இன்னொரு வேடிக்கை. பலகையைக் கொஞ்சம் முன்னே தள்ளினால் வளைவு பின்னே போகிறது. தலைகீழாகத் திருப்பினாலும் தொப்பை மேலேயேதான் நிற்கிறது. தண்ணீருக்கு அடியில் கிடக்கிற பலகையைப் பார்ப்பது போல இருக்கிறது. இந்த ஈரக்காற்றில் மரம்கூட நீந்தும் போல.

நவம்பர் 14

எம்.டி.எஃப்பைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். மரைன் பிளை வாங்கினேன். கப்பலுக்குப் போடுகிற பிளை, கொதிக்கிற தண்ணீரில் போட்டாலும் பிரியாது. அதிலும் தொப்பை.

"உங்க கடைக்குச் சரக்கு எங்கிருந்து வருது? எல்லாம் கழிசடை" என்று சொல்லிவிட்டேன். கடையில் வேறு ஆட்களும் இருந்தார்கள். ரவூப் பாய் கல்லாவை விட்டு எழுந்து வந்தார். துணியை எடுத்துப் பலகையின் தூசியைத் துடைத்தார், ஒன்றுமில்லாத இடத்தையும் துடைத்தார்.

"நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்ணே" என்றார். அந்த வார்த்தை வீடு வரைக்கும் கூடவே வந்தது.

நவம்பர் 17

மேட்டில் புதுவீடு கட்டுகிறவர்களிடம் சென்ட்ரிங் பிளைவுட் துண்டு ஒன்று கேட்டு வாங்கி வந்தேன். கான்கிரீட் போடும்போது அடியில் கொடுப்பார்களே, காபிக்கொட்டை நிறத்தில் வழுவழுவென்று மேல்தோல் போட்டது. தண்ணீர் ஒட்டாது, மிஷின் மேல் வழுக்கிக்கொண்டு போகும். ஜிக்குக்கு இதைவிட நல்ல சரக்கு கிடையாது என்று இத்தனை நாள் தோன்றாமல் போயிற்றே.

அதுவும் வளைந்திருக்கிறது.

சாயங்காலம் மூட்டம் கொஞ்சம் விலகியது. தேயிலைச் சரிவில் வரிவரியாகப் பச்சை, அதன் மேல் பஞ்சு பிய்த்துப் போட்டது போலப் புகை. திருப்பத்தில் நிற்கிற கரண்ட் கம்பத்தை ஒற்றைக் கண்ணால் பார்த்தேன். நடுவில் ஒடிந்த மாதிரி தெரிந்தது. மழையில் மண் இறங்கியிருக்கும்.

"பவளம், அந்தக் கம்பம் சாயுது. மின்வாரியத்துக்குச் சொல்லணும்."

"எந்தக் கம்பங்க?"

"அதோ. இடுப்பு ஒடிஞ்சு நிக்குது பாரு."

அவள் கம்பத்தைப் பார்த்தாள். அப்புறம் என்னைப் பார்த்தாள். ராத்திரிக்கு ரசம் போதுமா என்று கேட்டாள்.

நவம்பர் 20

இனிமேல் பலகையைக் குறை சொல்லிக்கொண்டிருந்தால் தை வந்துவிடும். வளைந்ததை நிமிர்த்தத் தெரியாதவனா நான்? தடுப்புக்கட்டையை வைஸ் கிடுக்கியில் பிடித்து, தொப்பையை இழைப்புளியால் கொஞ்சம் கொஞ்சமாகச் சீவினேன். சீவுவதும், ஒரு கண்ணை மூடிப் பார்ப்பதும், மறுபடி சீவுவதுமாகப் பகல் போயிற்று. கடைசியில் கம்பி போல நின்றது. அப்பாடா. இந்த மாதத்தில் நான் பார்த்த முதல் நேர்க்கோடு.

நவம்பர் 25

சட்டங்களுக்கு வேண்டிய துண்டுகளை அறுத்து முடித்துக் கோத்துவிட்டேன். மிஷின் சத்தம் நின்ற பிறகும் காதுக்குள் தேனீ இரைகிறது. ஜிக் வெண்ணெய் போல ஓடுகிறது.

நவம்பர் 26

ஒரு சட்டம்கூடப் பெட்டியில் உட்காரவில்லை.

பவளம் ஒவ்வொன்றாக இறக்கிப் பார்த்தாள். ஒன்று சுவரை உரசுகிறது. ஒன்று பக்கத்துச் சட்டத்தின் மேல் சாய்கிறது. மேசையில் வைத்தால் நொண்டுகிறது. மூலைமட்டத்தை வைத்தேன். நாலு மூலையும் நாலு திசைக்குப் போகிறது.

"இதுல தேனீ எப்படிங்க நடக்கும்?" என்று மெதுவாகத்தான் கேட்டாள். நான்தான் கத்தினேன். ஈரம், பனி, ரவூப் பாய், மரம், எல்லாரையும் திட்டினேன். அவள் சட்டங்களைக் கோணிக்குள் போட்டு வைத்தாள். அடுப்புக்குப் போடவில்லை.

நவம்பர் 28

இன்றைக்கு நடந்ததை எழுதத்தான் வேண்டுமா? எழுதிவிடுகிறேன்.

பவளம் பூக்கட்டுகிற வெள்ளை நூலை எடுத்துக்கொண்டு பட்டறைக்கு வந்தாள். மிச்சமிருந்த சென்ட்ரிங் பலகையின் மேல் ஒரு முனையை என்னைப் பிடிக்கச் சொன்னாள், மறுமுனையை அவள் இழுத்துப் பிடித்தாள். நூல் வீணைத் தந்தி மாதிரி விறைத்தது.

"பலகைக்கும் நூலுக்கும் சந்து இருக்கா, விரலால தடவிப் பாருங்க."

தடவினேன். சந்து இல்லை.

"இப்ப நீங்க பாக்கற மாதிரி பாருங்க."

இடது கண்ணை மூடிப் பார்த்தேன். பலகை வளைந்திருந்தது. அதன் மேல் நூலும் வளைந்திருந்தது.

இழுத்துப் பிடித்த நூல் வளையுமா? பவளம் முனையை ஆணியில் சுற்றிவிட்டு வந்து, தன் உள்ளங்கையால் என் வலது கண்ணை மூடினாள். கையில் மெழுகு வாசம்.

"இடது கண்ணைத் திறந்து பாருங்க."

நூல் நேராக இருந்தது. பலகை நேராக இருந்தது. ஜன்னலுக்கு வெளியே, மூட்டத்தில், கரண்ட் கம்பமும் சிவனே என்று நேராக நின்றது.

"நீ நூலைத் தளர்த்திட்டே" என்று சொன்னேன். அவள் நூலை அவிழ்த்து விரலில் சுற்றிக்கொண்டு உள்ளே போனாள்.

நவம்பர் 29

மழை.

நவம்பர் 30

இரண்டு கண்ணையும் திறந்து வைத்திருக்கும்போது எல்லாம் ஒழுங்காகத்தான் இருக்கிறது. காபி டம்ளர், காலண்டர், பவளத்தின் முகம். வலது கண்ணால் மட்டும் பார்த்தால் அவள் மூக்கு இருக்க வேண்டிய இடத்தில் ஈர விரலால் அழித்த மாதிரி ஒரு கறை. அழகாகத்தான் இருக்கிறது, கனவில் வருகிற ஆள் மாதிரி. சும்மா அசதி. பட்டறையில் லைட் போதாது, புது பல்பு மாட்ட வேண்டும்.

டிசம்பர் 2

பல்பு மாட்டிவிட்டேன். எனக்குப் பயமாக இருக்கிறது.

டிசம்பர் 5

கோயம்புத்தூர். பவளம் என்னைக் கேட்கவே இல்லை, பஸ்ஸில் ஜன்னலோரம் உட்காரவைத்துப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். கீழே இறங்க இறங்க மூட்டம் கலைந்து வெயில் அடித்தது. பழிபோடப் பனி இல்லாத ஊருக்குப் போகிறோம் என்று நினைத்துக்கொண்டேன்.

டாக்டர் சின்னப் பெண். கட்டம் கட்டமாகக் கோடு போட்ட ஒரு தாளை நீட்டி, இடது கண்ணை மூடச் சொன்னாள்.

"கோடெல்லாம் எப்படித் தெரியுதுங்கய்யா?"

"இதை யாரும்மா அச்சடிச்சது? நடுவுல எல்லாம் கோணிப்போய்க் கிடக்கு."

"தாள் நேராத்தான் இருக்குங்கய்யா."

பவளம் குனிந்து புடவைத் தலைப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சிரிக்கிறாளா என்று பார்த்தேன். இல்லை.

விழித்திரையின் நடுவில் வேண்டாத ரத்தக்குழாய் முளைத்துக் கசிகிறதாம். அந்த ஈரத்தில் அந்த இடம் மேடு தட்டியிருக்கிறதாம். ஆக, தண்ணீர் குடித்து உப்பிய பலகை ஒன்று இருக்கத்தான் செய்தது. ரவூப் பாய் கடையில் இல்லை, என் கண்ணுக்குள்.

"ஊசி போட்டா கசிவு நிக்கும். மாசாமாசம் போடணும். போனதுல எவ்வளவு திரும்பும்னு இப்பச் சொல்ல முடியாது. தள்ளிப்போட்டா நடுப்பார்வை போயிடும்" என்றாள்.

"ஊசி எங்கம்மா போடுவீங்க?"

"கண்ணுலதான்யா."

வெளியே வந்து பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்தோம். பெட்டி வேலை முடியட்டும், தை போகட்டும், அப்புறம் பார்க்கலாம் என்றேன். தேனீ வந்தால் இடம் வேண்டாமா என்றேன். எனக்கே என் குரல் பிடிக்கவில்லை.

"தேனீ மரப்பொந்துல இருந்துக்கும்ங்க. அதுக்கு ரசமட்டம் வேண்டியதில்ல. எனக்குத்தான் வேணும்" என்றாள் பவளம். அத்தனை ஜனம் நடுவில் அழுதாள். நான் அவளுக்குக் கரும்புச்சாறு வாங்கிக் கொடுத்தேன். வேறென்ன செய்வது என்று தெரியவில்லை.

டிசம்பர் 9

போட்டாயிற்று. மரத்துப்போக மருந்து விட்டார்கள், இமையைக் கவ்வி வைத்தார்கள், மேலே பார்க்கச் சொன்னார்கள். வலி என்று சொல்ல முடியாது. யாரோ கதவை அழுத்துகிற மாதிரி ஒரு அழுத்தம். அப்புறம் கண்ணுக்குள் கரும்புகை சுருள் சுருளாக இறங்கியது. அதற்குப் பின்னாலேயே உருண்டை உருண்டையாகக் கறுப்புக் குமிழ்கள். தலையை ஆட்டினால் அவையும் ஆடின.

"என்னங்க தெரியுது?" என்று வெளியில் பவளம் கேட்டாள்.

"உன் தேனீதான். உள்ளே புகுந்துடுச்சு."

ரெண்டு நாளில் கரைந்துவிடுமாம். போகட்டும். பஸ்ஸில் மலை ஏறும்போது அவள் தோளில் தூங்கிப்போனேன். கனவில் பலகைகள் எல்லாம் மெதுவாக அலையடித்துக்கொண்டிருந்தன, நான் ஒன்றும் திட்டவில்லை.

டிசம்பர் 15

ரவூப் பாய் கடைக்குப் போனேன். வேண்டுமென்றே கூட்டமான நேரத்தில் போனேன். அன்றைக்குச் சொன்னதும் ஆள் முன்னால்தானே.

"பாய், உங்க சரக்கு எல்லாம் நேர். என் கண்ணுதான் கோணல். ஊசி போட்டிருக்கேன்."

பாய் எழுந்து வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். "அதாண்ணே எனக்கும் ராத்திரி தூக்கமில்ல. நீங்க சொல்லி ஒரு பலகை தப்பினதில்ல. அப்ப என் கடைதான் தப்போன்னு கம்பெனிக்கே போன் போட்டுட்டேன்."

இரண்டு பேரும் சிரித்தோம். அப்புறம் பலகை பொறுக்கினோம். கண்ணை நம்பாமல் கையை நம்பிப் பொறுக்கினேன். இரண்டு பட்டைகளை விளிம்போடு விளிம்பு சேர்த்து நிறுத்தி, நடுவில் பீடிக்கட்டு மேல்தாளைச் செருகி இழுத்துப் பார்ப்பது. எல்லா இடத்திலும் ஒரே பிடி பிடித்தால் நேர். ஒன்றைத் திருப்பிப் போட்டும் அப்படியே பிடிக்க வேண்டும், இல்லையென்றால் ஒன்றின் தொப்பை இன்னொன்றின் பள்ளத்தில் ஒளிந்துகொள்ளும். இதை முதலிலேயே செய்திருக்கலாம். ரசமட்டம் என்று பெயர் வாங்கியவன் தாளை இழுத்துப் பார்ப்பானா?

அடிக்குச் சென்ட்ரிங் பிளை. தடுப்புக்கட்டைக்கு எம்.டி.எஃப், ஓரமெல்லாம் வார்னிஷ். மரம் உரசுகிற முகத்துக்கு மைக்கா ஒட்டு. வாளுக்கு மேலே மூடி போட அக்ரிலிக் துண்டு, அது பவளத்தின் உத்தரவு.

டிசம்பர் 22

புது ஜிக் தயார். பழைய தடுப்புக்கட்டையை, நான் பார்த்துப் பார்த்துச் சீவினேனே அதை, விறகில் போடப் போனேன். பவளம் பிடுங்கிப் பட்டறைச் சுவரில் ஆணியடித்து மாட்டினாள்.

"மானத்தை வாங்காதேடி" என்றேன்.

"இருக்கட்டும். எதுக்காவது ஆகும்."

வலது கண்ணால் பார்த்தேன். கம்பி போல நேராக இருக்கிறது இன்னும். இடது கண்ணால் பார்த்தால் வாழைக்காய்.

டிசம்பர் 28

துண்டுகள் அறுத்தோம். கைப்பிடி இரண்டும் வாளுக்கு எட்டாத தூரத்தில் பின்னால் வைத்திருக்கிறேன். மரத்தைக் கிளாம்ப் பிடித்துக்கொள்ளும். பவளம் என் வலது பக்கத்தில் நின்றாள். அந்தப் பக்கம் அவள் பொறுப்பாம். "ம்" என்றால் தள்ள வேண்டும், "இருங்க" என்றால் நிற்க வேண்டும். என் வாழ்நாளில் ஒருத்தர் சொல்லி நான் மிஷின் ஓட்டியதில்லை. எரிச்சலாகத்தான் இருந்தது. மத்தியானத்துக்கு மேல் பழகிவிட்டது.

சட்டங்கள் பெட்டியில் உட்கார்ந்தன. ஒவ்வொன்றுக்கும் நடுவே பவளம் பென்சிலை விட்டுப் பார்த்தாள். எல்லா இடத்திலும் பென்சில் ஒரே மாதிரி நுழைந்தது.

ஜனவரி 6

இரண்டாவது ஊசி. வலது கண்ணுக்குப் பழைய தடுப்புக்கட்டை இன்னும் கம்பி போலத்தான் தெரிகிறது. பவளத்திடம் சொல்லவில்லை.

ஜனவரி 24

சில்வர் ஓக் மரத்தில் ஒரு கூட்டம் வந்து தொங்கியது. பழுப்புத் தாடி போல, மூச்சு விடுவது போல. பவளம் முக்காடு போட்டுக்கொண்டு, புகை காட்டி, கூடையில் தட்டி இறக்கிப் புதுப்பெட்டியில் விட்டாள். வெயிலும் பனியும் கலந்த வெளிச்சத்தில் காற்று முழுக்க இரைச்சல். நான் தள்ளி நின்று இரண்டு கண்ணாலும் பார்த்தேன். நன்றாக இருந்தது.

பிப்ரவரி 5

மூன்றாவது ஊசி. "கசிவு குறைஞ்சிருக்குங்கய்யா, பொறுமையா இருங்க" என்றாள் டாக்டர் பெண். என்னைப் பார்த்துப் பொறுமை என்று சொன்ன முதல் ஆள்.

பிப்ரவரி 19

பவளம் பெட்டியைத் திறந்து ஒரு சட்டத்தை உருவினாள். சுகமாக வந்தது, எங்கும் ஒட்டவில்லை. புது அடை, வெள்ளை வெளேரென்று.

இப்போதெல்லாம் நான் பட்டறைக்குள் போனால் அந்தச் சுவர்ப் பக்கம் பார்ப்பதில்லை. பார்த்து என்ன ஆகப்போகிறது.

மார்ச் 2

காலையில் இழைப்புளி எடுக்கப் பட்டறைக்குப் போனேன். கை தட்டிப் பழைய தடுப்புக்கட்டை ஆணியிலிருந்து விழுந்தது. எடுத்து மாட்டுவதற்கு முன்னால், பழக்கதோஷம், இடது கண்ணை மூடி விளிம்பைப் பார்த்தேன்.

கோணல்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தேன். வலது கண்ணால்தான் பார்க்கிறேன், இடது கண் இறுக்கி மூடியிருக்கிறது, சந்தேகமே இல்லை. நடுவில் பள்ளம். நான் பகலெல்லாம் உட்கார்ந்து சீவிய பள்ளம். கறை இன்னும் கொஞ்சம் இருக்கிறது, ஓரம் மங்கல்தான், ஆனாலும் பள்ளம் பள்ளமாகவே தெரிகிறது.

"பவளம்! ஏ பவளம்! கோணல்!"

தேனீக்குப் புகை காட்டுகிற போணியோடு ஓடி வந்தாள், மிஷினில் கையைக் கொடுத்துவிட்டேன் என்று நினைத்துவிட்டாள் பாவம். "என்னங்க, என்ன ஆச்சு?"

"இந்தக் கட்டை கோணலா இருக்குடி! எந்த முட்டாள் சீவினது இதை?"

அவள் கட்டையைப் பார்த்தாள், என் மூடிய இடது கண்ணைப் பார்த்தாள். போணியைக் கீழே வைத்துவிட்டு அப்படியே மரத்தூள் மேல் உட்கார்ந்துகொண்டாள். பட்டறை முழுக்கப் புகை சுற்றியது. நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். கட்டையை மடியில் வைத்துக்கொண்டு, அதன் பள்ளத்தை விரலால் தடவிக்கொண்டே இருந்தோம்.